ஆளுக்கு எறியாதே

போன வருடம் பதினான்கு ஆட்டம், பதினான்கிலும் தோல்வி. பிராண்டே பேஸ்போல் கழகத்தின் கலப்பு அணி அந்த வருடம் முழுவதும் வென்றது ஒன்றே ஒன்றுதான், அதுவும் கோடை விழாக் குலுக்கலில் விழுந்த ஒரு பன்றித்தொடை. அதை வாட்டிப் பங்கு போட்டுச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சுஜாந்தினிக்கு மட்டும் அந்த இறைச்சி தொண்டைக்குள் இறங்கவில்லை. பதினான்கு தரம் தோற்றவர்களுக்கு எங்கிருந்து சிரிப்பு வருகிறது என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சுஜாந்தினிக்கு வயது நாற்பத்தைந்து. மன்னாரில் பிறந்தவள். கல்யாணம் முடித்து டென்மார்க்குக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. காற்றாலைகளுக்குக் கேபிள் கட்டிக் கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் காலை ஆறு மணியிலிருந்து இரண்டரை வரை வேலை. கணவன் அந்தோனிதாசன் பிரெடெரிசியாவில் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறான். வீட்டில் ஒரு கார், அது அவனோடு போய்விடும். சுஜாந்தினி கார் ஓட்டப் பழகி, இரண்டு தரம் சோதனையில் விழுந்து, மூன்றாம் தரம் போகவே மாட்டேன் என்று இருந்துவிட்டவள். பிராண்டே மாதிரி ஓர் ஊரில் கார் ஓட்டத் தெரியாதவர் பாதி வாழ்க்கையை பஸ் தரிப்பிடத்தில் கழிக்க வேண்டும். அவளும் கழித்தாள்.

பேஸ்போலை அவள் தேடிப் போகவில்லை. மகள் ஜெனுஷா பதின்மூன்று வயதில் ஆசைப்பட்டுச் சேர்ந்து, மூன்று கிழமையில் அலுத்து, இனிப் போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பதினான்காம் இலக்கச் சட்டையைத் திருப்பிக் கொடுக்கத் தாய்தான் போனாள். பயிற்சியாளர் ப்ரெபென் சட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்றைக்கு எட்டுப் பேர்தான் வந்திருக்கிறோம். ஆட்டத்துக்கு ஒன்பது பேர் வேண்டும். ஒரு மணித்தியாலம் சும்மா நிற்க முடியுமா?" என்று டேனிஷில் கேட்டார்.

சுஜாந்தினி மைதானத்தைப் பார்த்தாள். தடி, பந்து, சுற்றி ஓட நான்கு தரிப்பு. அட, இது நம்முடைய எல்லேதானே என்று நினைத்தாள். சட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் தானே போட்டுக்கொண்டாள். அவளுடைய எரிச்சலெல்லாம் அந்தச் சட்டையில்தான் தொடங்கியது.

எல்லே விளையாடாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். இலங்கைப் பாடசாலைகளில் பெண்பிள்ளைகளும் வரிந்துகட்டிக்கொண்டு விளையாடுகிற ஆட்டம் அது. பந்தைத் தடியால் அடித்துவிட்டுத் தரிப்புத் தரிப்பாக ஓடிவர வேண்டும். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லேயும் பேஸ்போலும் ஒன்றுபோலத்தான் தெரியும். கிட்டப் போனால்தான் வில்லங்கம். எல்லேயில் பந்து போட்டுத் தருகிறவள் நம்முடைய சொந்த அணிக்காரி. நமக்கு வாகான உயரத்தில் பார்த்துப் போடுவாள். பேஸ்போலில் எதிரி போடுகிறான், அவன் ஏன் வாகாகப் போடப் போகிறான்? அதைவிடப் பெரிய வில்லங்கம் இன்னொன்று. எல்லேயில் ஓடுகிறவள்மேல் பந்தை எறிந்து பட்டால் அவள் அவுட். பேஸ்போலில் அப்படியில்லை. ஓடுகிறவர் போய்ச் சேருமுன் பந்து அந்தத் தரிப்பில் நிற்கும் நம் ஆளின் கைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் பந்தைக் கையில் பிடித்தபடி போய் ஓடுகிறவரைத் தொட வேண்டும். ஓடுகிறவரைத் தொட்டும் பார்க்கக் கூடாது எறிகிற பந்து.

மன்னாரில் சிஸ்டர்மார் நடத்திய பாடசாலையில் சுஜாந்தினி ஏழு வருடம் எல்லே விளையாடியவள். ஓடுகிற பிள்ளையின் முதுகு நடுவைக் குறிபார்த்து எறிவதில் மாவட்டத்திலேயே அவளுக்கு மிஞ்ச ஆளில்லை. பின்னலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே, டப்பென்று விழும். அந்தக் கை அப்படியே அவளோடு டென்மார்க்குக்கு வந்துவிட்டது. அதுதான் தொல்லை.

போன வருடம் முழுவதும் அவளை வலது மூலையில் நிறுத்தினார்கள். பேஸ்போலில் பந்து ஆகக் குறைவாக வருகிற இடம் அது. எந்த அணியும் தன் பலவீனமான ஆளை அங்கேதான் கொண்டுபோய் வைக்கும். அடிக்கப் போனால் எதிரி போட்ட பந்து வளைந்து, நெளிந்து, அவள் தடியைச் சுழற்றி முடித்த பிறகு சாவகாசமாகக் கடந்து போகும். தடிக்குப் பட்ட பந்துகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வீட்டுக்கு வந்து சட்டி பானையெல்லாம் சத்தம் கேட்கக் கழுவுவாள்.

இந்த வருடம் மார்ச் மாதம், நிலம் இன்னும் உறைந்து கிடந்தபோது, ப்ரெபென் கழக அறையில் எல்லோரையும் கூட்டினார். மேசையில் கோப்பியும் கறுவாப் பணிஸும் இருந்தன. போட்டியை நடத்துகிறவர்களிடமிருந்து கடிதம் வந்திருந்தது. இந்த வருடமும் ஒரு ஆட்டமாவது வெல்லாவிட்டால் பிராண்டே அணியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம். தொடர்ந்து விளையாட விரும்புகிறவர்கள் எழுபது கிலோமீற்றர் தள்ளியிருக்கும் இன்னொரு கழகத்தில் சேரலாமாம்.

"அது ஒன்றும் மோசமில்லை. ஒரு மணித்தியால ஓட்டம்தானே" என்றான் பந்து போடுகிற மாஸ். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எல்லோருடைய காரும் வெளியே வரிசையாக நின்றது.

சுஜாந்தினி பணிஸைப் பிய்த்தபடி இருந்தாள். செவ்வாயும் வியாழனும் மாலை, சனிக்கிழமை மத்தியானம். கிழமையில் அந்த மூன்று நேரம்தான் அவள் யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்காமல், யாரும் அம்மா என்றோ சுஜா என்றோ உள்ளிருந்து கூப்பிடாமல், தன் இரண்டு காலில் நிற்கிற நேரம். மைதானம் வீட்டிலிருந்து நடை தூரம். எழுபது கிலோமீற்றர் என்றால் அவளுக்கு அது முடிந்த கதை. ஆக, ஒன்று வெல்ல வேண்டும். பதினான்கில் ஒன்றே ஒன்று. கேட்பதற்கு அது பேராசையாகத் தெரியவில்லை.

முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. நான்காவது, மே மாதக் கடைசியில், கிழக்குக் கரைப் பக்கத்து அணியோடு அவர்களுடைய மைதானத்தில். அன்றைக்கு என்ன அதிசயமோ, கடைசிச் சுற்றில் பிராண்டே ஐந்துக்கு நான்கு என்று முன்னால் நின்றது. இன்னும் ஒரு ஆள் அவுட் ஆனால் போதும். எதிரணியில் முதல் தரிப்பில் ஒருவனும் இரண்டாம் தரிப்பில் ஒருவனும் ஓடக் காத்திருந்தார்கள். அடிக்கப்பட்ட பந்து உருண்டு உருண்டு நேரே வலது மூலைக்கு வந்தது.

சுஜாந்தினி ஓடிவந்து அள்ளினாள். அவளுக்கு முன்னால் முதல் தரிப்புக்காரன், சிவப்புத் தாடி வைத்த ஆறடி ஆள், இரண்டாம் தரிப்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். அங்கே நின்ற நம் ஆளிடம் பந்தைப் போட்டிருந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்திருக்கும். சின்னப் பிள்ளையும் போடக்கூடிய தூரம். ஆனால் அவள் கண்ணுக்குத் தரிப்பு தெரியவில்லை, முதுகு தெரிந்தது. கை தன்பாட்டில் எறிந்தது. பந்து தோள்பட்டைக்குக் கீழே டப்பென்று விழுந்தது, தாடிக்காரன் குப்புற விழுந்தான், சுஜாந்தினி இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு துள்ளினாள்.

துள்ளினது அவள் மட்டும்தான். பந்து தெறித்து அடுத்த பக்க வேலிவரை ஓடிவிட்டது. முன்னால் போனவன் ஹோமுக்கு, அதாவது அடிக்கிறவர் நிற்கிற கடைசித் தரிப்புக்கு, வந்து சேர்ந்தான். தாடிக்காரனும் எழும்பி, முதுகைத் தடவியபடி, நொண்டி நொண்டி வந்து சேர்ந்தான். ஆறுக்கு ஐந்து, தோல்வி. அவள் தூக்கிய கையை எப்போது இறக்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

"சூயா," என்றார் ப்ரெபென். டேனிஷ்காரர் வாயில் அவள் பெயர் அப்படித்தான் வரும். "இங்கே ஆளுக்கு எறியக் கூடாது. தரிப்புக்கு எறிய வேண்டும்."

"தெரியும்" என்றாள். தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் எறிந்ததுதான் அவளைக் கொன்றது. ப்ரெபென் கத்தித் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்த மனிதர் அவளுக்கு ஒரு கோப்பை கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.

யாரோ அதைத் தொலைபேசியில் வீடியோ பிடித்துவிட்டார்கள். இரண்டு நாளில் அந்தப் பிரிவிலுள்ள அணியெல்லாம் பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், அவள் பந்தைத் தொட்டால் ஓடுகிறவர்கள் தலையைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள், கரையில் நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ரண்டர்ஸில் இருக்கிற மேரிசெலின் மச்சாளுக்கும் வீடியோ போய்ச் சேர்ந்தது. மேரிசெலின் அந்தோனிதாசனின் அக்கா, ஊர்ப் புதினம் எதுவும் அவளைத் தாண்டிப் போகாது.

"என்னடியப்பா, வெள்ளைக்காரனைப் பந்தால எறிஞ்சு விழுத்தினியாம். இந்த வயசில உனக்கு என்ன விளையாட்டு எண்டு தம்பிட்டக் கேட்டன், அவன் வாய் திறக்கேல்லை" என்று தொலைபேசியில் சிரித்தாள்.

அந்தோனிதாசன் வாய் திறக்காததற்குக் காரணம் அவனுக்கும் எரிச்சல். வேலையிடத்தில் இரண்டு பேர் அவனைக் கண்டதும் தலையைப் பொத்திக் காட்டினார்களாம். "உன்னால எனக்கும் பேர்" என்று ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஜெனுஷா டேனிஷில் இரண்டு சொல்லோடு முடித்துக்கொண்டாள். வெட்கமாக இருக்கிறது என்பதுதான் அந்த இரண்டு சொல்.

ஜூன் முதல் சுஜாந்தினி தன் கையோடு சண்டை தொடங்கினாள். வேலையால் வந்ததும் ஊத்தை உடுப்புப் போடும் பிளாஸ்ரிக் கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்வெளிக்குப் போவாள். கூடையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துவிட்டு நாற்பது தப்படி பின்னால் வந்து எறிவாள். ஒரு நாளைக்கு ஐம்பது எறி. முதல் கிழமை கூடைக்கு ஐந்து விழுந்தது. அந்தோனிதாசன் மாடி விறாந்தையில் தேத்தண்ணியோடு இருந்து புறுபுறுப்பான்.

"மனுசன் கொஞ்சம் கண்ணயரேலாது. டக்கு டக்கு எண்டு. கூடை உடையப் போகுது பார்."

கூடை உடைந்தது. இன்னொன்று வாங்கினாள். அதுவும் உடைந்தது. மூன்றாவது கூடையில் ஐம்பதுக்கு முப்பத்தெட்டு விழத் தொடங்கியது.

அணியோ அதேபோலத் தோற்றுக்கொண்டிருந்தது. ஜூலை வந்ததும் இன்னொரு கூத்து. டேனிஷ்காரருக்குக் கோடை விடுமுறை என்றால் அது ஆண்டவர் எழுதிவைத்தது மாதிரி, தலைகீழாக நின்றாலும் மாற்ற மாட்டார்கள். மாஸ் ஸ்பெயினுக்குப் போனான். ஹோமில் குந்தியிருந்து பந்து பிடிக்கும் பிரிட் கூடாரவண்டியோடு சுவீடனுக்குப் போனாள். இரண்டு சனிக்கிழமை ஒன்பது பேர் சேராமல் ஆட்டம் நடக்காமலே தோல்வி எழுதப்பட்டது. அந்த இரண்டு சனிக்கிழமையும் மைதானத்தில் சப்பாத்தோடு வந்து நின்றவர்கள் ஆறு பேர், அதில் சுஜாந்தினி ஒருத்தி.

"ஒரு வருசம் ஸ்பெயினுக்குப் போகாட்டி இவைக்கு என்ன செத்தா போவினம்?" என்று வீட்டில் கத்தினாள். "கடிதம் வந்தது இவைக்குத் தெரியாதோ?" கேட்க ஆளில்லை. ஜெனுஷா காதில் எதையோ மாட்டியிருந்தாள், அந்தோனிதாசன் வேலைக்குப் போயிருந்தான்.

செப்டெம்பர் நடுவில் பதின்மூன்று ஆட்டம் முடிந்து பதின்மூன்றும் தோல்வி. மிஞ்சியது ஒன்று, பிராண்டேயில், அதே கிழக்குக் கரை அணியோடு, சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு. அதே சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு ரண்டர்ஸில் மேரிசெலின் மச்சாளின் கணவருக்கு அறுபதாவது பிறந்தநாள் விழா.

"நாலு மணிக்குக் கார் வெளிக்கிடும். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி" என்றான் அந்தோனிதாசன்.

"நாலுக்கு நான் சாறியோட நிப்பன். நீங்கள் காலமை வேலைக்குப் போயிட்டு நேரத்துக்கு வாங்கோ, போதும்."

சாறியும் நகையும் ஒரு பையில் போட்டு, பையைக் காக்க ஜெனுஷாவையும் இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். ஜெனுஷா மூஞ்சியை நீட்டியபடி வாங்கில் உட்கார்ந்தாள்.

அன்று எல்லோரும் வந்திருந்தார்கள். மாஸ் வெயிலில் கறுத்துப்போய் நன்றாகப் பந்து போட்டான். சுஜாந்தினி மூன்று தரம் அடிக்கப் போனாள். இரண்டு தரம் காற்றைத்தான் அடித்தாள். மூன்றாம் தரம் பந்து தடியின் நுனியில் பட்டு எங்கோ சறுக்கிப்போக, எப்படியோ முதல் தரிப்புக்கு ஓடிச் சேர்ந்தாள். பின்னால் அடித்தவர்களின் தயவில் ஹோமுக்கும் வந்து சேர்ந்தாள். இரண்டு வருடத்தில் அவள் எடுத்த முதல் ஓட்டம் அது.

கடைசிச் சுற்று. பிராண்டே ஏழு, எதிரணி ஆறு. எதிரணியில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர்தான். இரண்டாம் தரிப்பில் அந்தச் சிவப்புத் தாடிக்காரன். மாஸின் தோள் களைத்து இறங்கிவிட்டது, ஆட்டம் சமனாகி இன்னொரு சுற்றுப் போனால் அவனால் முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அடிக்கிறவன் அடித்தான். பந்து முதல் தரிப்பைக் காத்து நின்ற நம் ஆளின் தலைக்கு மேலால் பறந்து, ஒரு குதி குதித்து, வலது மூலைக்கு வந்தது.

தாடிக்காரன் அதற்குள் மூன்றாம் தரிப்பைத் தாண்டி ஹோமை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். சுஜாந்தினி பந்தை எடுத்து நிமிர்ந்தாள். மறுபடியும் அந்தப் பெரிய உடம்பு அவள் கண்ணில் பட்டது, கை மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஹோமில் பிரிட் விரித்து வைத்திருந்த கையுறையைக் கூடையாக நினைத்து எறிந்தாள்.

கையை விட்ட கணமே தெரிந்துவிட்டது, இது கூடைக்குள் விழுகிற எறி. தாழ்வாக, நேராக, ஒரு குதியில் பிரிட்டின் முழங்கால் உயரத்துக்கு. அதேநேரம் ஓடிக்கொண்டிருந்த தாடிக்காரன் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். வலது மூலையில் நிற்பது யார் என்று கண்டான். ஹோமுக்கு மூன்று தப்படி இருக்கும்போது, தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, அப்படியே மண்ணில் குப்புறப் படுத்துவிட்டான்.

பிரிட் எழும்பி வந்து, படுத்துக் கிடந்தவனின் முதுகைப் பந்தால் மெதுவாகத் தொட்டாள். மூன்றாவது அவுட். பிராண்டே வென்றுவிட்டது.

எல்லோரும் வலது மூலைக்கு ஓடிவந்து அவளைத் தூக்கினார்கள். ப்ரெபென் கண்ணைத் துடைத்தபடி, "நீ மிரட்டியே வென்றுவிட்டாய் சூயா" என்றார். தாடிக்காரன் தாடியில் மண்ணோடு வந்து, சிரித்துக் கைகொடுத்து, நல்லவேளை இந்த முறை படாமல் தப்பினேன் என்றான்.

"நான் உனக்கு எறியவில்லை. ஹோமுக்கு எறிந்தேன்" என்றாள்.

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அவள் பிரிட்டிடம் போய், பந்து நேராக வந்ததா இல்லையா என்று கேட்டாள். பிரிட் நல்ல மனம் உள்ளவள், பொய் சொல்ல மாட்டாள். தான் விழுந்தவனைப் பார்த்துக்கொண்டு நின்றதாகவும், பந்து எப்படிக் கைக்கு வந்தது என்று கவனிக்கவில்லை என்றும் சொன்னாள்.

கழகம் தப்பிவிட்டது. அடுத்த வருடமும் செவ்வாய், வியாழன், சனி அவளுக்கு உண்டு. சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டு கூடை உடைத்து ஒரு எறி பழகியவளுக்கு, அந்த எறியை ஒரு கண்ணும் காணாமல் போனது என்ன எரிச்சல் என்று யாருக்குச் சொல்வது?

உடுப்பு மாற்றும் அறையில் சாறியைச் சுற்றிக்கொண்டு வந்தபோது கார் நின்றது. அந்தோனிதாசன் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்தைப் பார்த்துவிட்டுக் காரை எடுத்தான். அவள் பின்னால் திரும்பி மகளைக் கேட்டாள்.

"ஜெனு, நீ பாத்தனியோ? பந்து நேராத்தானே போனது?"

ஜெனுஷா தொலைபேசியை நீட்டினாள். வீடியோ எடுத்திருந்தாள். அதில் தாடிக்காரன் ஓடுகிறான், படுக்கிறான், எல்லாம் தெளிவாக இருந்தது. பந்து மட்டும் கடைசியில் எங்கிருந்தோ வந்து பிரிட்டின் கையில் இருந்தது. "நீ அவனுக்குத்தானே எறிந்தாய்?" என்று டேனிஷில் கேட்டாள் பிள்ளை. சுஜாந்தினி தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரண்டர்ஸ் வரும்வரை கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மண்டபத்தில் மேரிசெலின் மச்சாள் பொரித்த ரோல்ஸ் தட்டோடு எதிரே வந்தாள். வீடியோ அதற்குள் அவள் கைக்கும் வந்திருந்தது.

"வாடி சுஜா. இண்டைக்கும் அதே மனுசனுக்கு எறிஞ்சனியாம். பாவமடி அவன், நிலத்தில படுத்திட்டான்."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிச் சிரித்தார்கள். இனி எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

"இல்லையக்கா," என்றான் அந்தோனிதாசன். தட்டிலிருந்து இரண்டு ரோல்ஸை எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான். "அவள் ஆளுக்கு எறியேல்லை. ஹோமுக்கு எறிஞ்சவள். நேரா, ஒரு குத்தில போய் அந்தப் பிள்ளையின்ர கையுக்க விழுந்தது. அவன் படுக்காமல் ஓடியிருந்தாலும் அவுட்தான்."

சுஜாந்தினி அவனையே பார்த்தாள். "நீங்கள் எங்க நிண்டனிங்கள்?"

"மூண்டு மணிக்கே வந்திட்டன். வேலியடியில நிண்டனான்."

"பந்தைப் பாத்தனிங்களோ?"

"வேற என்னத்தைப் பாக்கிறது? கோடை முழுக்க அந்தக் கூடைச் சத்தத்தைக் கேட்டவன் நான். எது விழும், எது விழாது எண்டு எனக்குத் தெரியாதோ?"

ஒரு கண்ணாவது அதைக் கண்டிருக்கிறது. அடுத்த நொடியே அவளுக்கு விசர்க் கோபம் வந்தது.

"அப்ப ரண்டர்ஸ் வரைக்கும் காருக்க வாயை மூடிக்கொண்டு வந்தனிங்களே. அதுக்குள்ள இந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தா என்ன?"

"நீ பிள்ளையைத்தானே கேட்டனி. என்னை ஆர் கேட்டது?"

சுஜாந்தினி அவன் கையிலிருந்த ரோல்ஸில் ஒன்றைப் பறித்தாள். மச்சாளின் எதிரே நின்றபடியே கடித்துத் தின்றாள். அது நன்றாக இறங்கியது.